வாயில் வைத்துக் குஞ்சுகளைக் காக்கும் மீன்

மீன்களிற் பெரும்பாலானவை முட்டையிட்டதும் அவற்றை நீரின் போக்கில் விட்டுச் சென்றுவிடுகின்றன. பெரிய கெண்டை இனத்து மீன் ஒன்று ஒரே பருவத்தில் லட்சக்கணக்கான முட்டைகளை யிடும். அவற்றுள் பிற ஜந்துக்களுக்கு இரையானவை போகப் பிழைப்பவை மிகச் சிலவே. விரால் அவ்வாறன்று. தாயும் தந்தையும் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்திற்குக் காவலாய்த் திரிவதை ஏரிக்கரைக் கிராமத்தார் கண்டிருப்பர். இவ்விரண்டினும் வேறான மூன்றாவது முறை, முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காப்பதாம். கடற்கெளுத்திகளுள் ஆண்மீன் கோலிக்குண்டு போன்ற முட்டைகளை வாயிலேந்தி, இரையின்றிப் பல வாரங்கள் காக்கின்றது. நம் குளங்களில் இம்முறையைக் கையாளும் மீன், சந்தையில் ஜிலேபிக் கெண்டை என்று வழங்கும் திலேப்பியாவேயாகும்.

இம்மீன் வந்த வரலாறு

இதன் தாயகம் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. 1952-ம் வருஷத்தில் இது இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டு, மண்டபம் முதலிய இடங்களிலிருந்து குளங்களுக்குப் பரவிற்று. பழனி மலைச்சாரலை யடுத்த அமராவதி, வைகை நீர்த்தேக்கங்களில் இது நிலைபெற்று, வலையில் விழும் மீன்களுள் முக்கியமானதாயிற்று.

மலையின்மேல் நிலைமை வேறு. 1863-ல் லெவிஞ்சு துரை அமைத்த கோடைக்கானல் ஏரி சுமார் 7,000 அடி உயரத்திலுள்ளது. ஜிலேபிக் கெண்டையோ உஷ்ணப் பிரதேசத்து மீன். நீரின் உஷ்ணம் 20 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழிறங்கினால் இது முட்டையிடுவது தடைப்படும். 10 டிகிரியை நெருங்கினால் உயிர் தரிப்பதே அரிதாகும். ஆகையால் இது செழிப்பது மலையடிவாரத்து வெதுவெதுப்பான நீரிலேயே என்பது தெளிவு.

குஞ்சு காக்கும் விதம்

ஆண்மீன் குளத்தின் அடியில் தட்டுப்போன்ற குழியொன்று தோண்டிப் பெண்மீனை அழைக்கும். பெண் அதில் முட்டையிட்டு, உடனே அவற்றை வாயில் எடுத்துக்கொள்ளும். அதன்பின் ஆணுக்குப் பொறுப்பில்லை. தாய் வாயை மெல்ல அசைத்து முட்டைகளைப் புரட்டிக்கொண்டே யிருக்கும். இதனால் புதுநீர் பாய்ந்து முட்டைகளுக்குப் பிராணவாயு கிடைக்கும்; பூஞ்சணமும் பற்றாது. மூன்று முதல் ஐந்து நாட்களில் குஞ்சுகள் பொரிக்கும். பின்னரும் அவை வயிற்றிலுள்ள கருவுணவைக் கொண்டு வாய்க்குள்ளேயே வளரும். அக்காலத்தில் தாய் பெரும்பாலும் இரை கொள்வதில்லை.

நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் சில நாட்கள் தாயருகிலேயே மேயும். அபாயம் நேருங்கால் தாய் தலையைத் தாழ்த்தும். குஞ்சுகள் கூட்டமாய் வாய்க்குள் புகுந்துகொள்ளும். முட்டைகள் சில நூறே யாயினும், பிழைப்பவை மிகுதியாயிருப்பதற்கு இதுவே காரணம்.

நன்மையும் தீமையும்

கட்லா, ரோகு முதலியவை ஓடும் ஆற்றிலன்றித் தேங்கிய குளத்தில் தாமாக முட்டையிடா. அவற்றின் குஞ்சுகளைச் சங்கங்கள் வருஷந்தோறும் விலைக்கு வாங்கியாக வேண்டும். ஜிலேபிக் கெண்டைக்கு அச்செலவில்லை. எளியோர்க்கு மலிவான உணவாகவும் இது உதவுகின்றது. இதனைக் கண்டு, செலவின்றி வரும் குஞ்சு முழுதும் லாபமென்று நினைப்பது இயல்பே.

ஆனால் இம்மீன் இரண்டு மூன்று மாதத்திலேயே பருவமடைந்து, வெப்பமான நீரில் ஏறக்குறைய மாதத்திற்கொரு முறை குஞ்சு பொரிக்கும். தாயின் காவலால் குஞ்சுகள் மிகுதியாய்ப் பிழைக்க, சிறு குளம் விரைவில் நிரம்பிவிடும். உள்ள உணவு பல வாய்களுக்குப் பங்காவதால் எல்லாம் விரல் நீளத்திலேயே நின்றுவிடும். சந்தையில் அதற்கு விலையில்லை. பணங்கொடுத்து விட்ட கெண்டைக் குஞ்சுகளும் இரையின்றி மெலியும். இக்காரணம் பற்றியே 1959-ல் மீன்வள ஆராய்ச்சிக் குழு இம்மீனைப் பரப்புவதைத் தடை செய்தது. பின்னர், நல்லின ஆண்மீன்களை மட்டும் அரசாங்க அனுமதி பெற்று, விதிகளுக்குட்பட்டு வளர்ப்பதற்கு இடமளிக்கப்பட்டது. ஆண் மட்டுமே யிருப்பின் இனம் பெருகுவதில்லை; ஆணின் வளர்ச்சியும் பெண்ணினும் விரைவானது.

சங்கங்கள் கவனிக்க வேண்டியவை

1. கெண்டைக் குஞ்சுகள் விடுமுன் குளத்தை முற்றிலும் வற்றச் செய்தல் வேண்டும். மூலையிலுள்ள சேற்றுப் பள்ளத்தில் ஒரு தாய்மீன் தங்கினாலும் அதன் வாயில் சில நூறு குஞ்சுகள் இருத்தல் கூடும்.

2. ஒரு குளத்து மீனை மற்றொரு குளத்திற்குக் குடத்தில் எடுத்துச் செல்லலாகாது. ஒரு தாயை விடுவது ஒரு குடும்பத்தையே குடியேற்றுவதாகும். மலை ஓடைகளில் விடுவது அங்குள்ள நாட்டு மீன்களுக்கும் கேடு.

3. வலையிலகப்பட்ட தாய் அச்சத்தால் குஞ்சுகளை உமிழ்ந்துவிடும். ஆகவே, வலைவீச்சினால் மட்டும் இம்மீன் ஒழியுமென்று நம்பலாகாது.

4. முன்னமே இம்மீன் நிறைந்துள்ள குளத்தில் விரால் விடுவது நலம். அது சிறு குஞ்சுகளைத் தின்று தொகையைக் குறைக்கும். ஆனால் சிறிய கெண்டைக் குஞ்சுகளுள்ள குளத்தில் விரால் விடுதல் கூடாது. அவற்றையும் அது தின்றுவிடும்.

5. குளத்தைக் குத்தகைக்கு எடுக்குமுன் ஒரு முறை வலையிட்டு, உள்ளிருக்கும் மீன் யாதென்று பார்த்துக்கொள்ளுதல் அவசியம். விரல் நீள ஜிலேபிக் கெண்டையே மிகுதியாயிருப்பின், குளத்தை வற்றச் செய்யும் செலவையும் கணக்கிட்ட பின்னரே குத்தகைத் தொகையைத் தீர்மானிக்க வேண்டும்.

தாய்மீனின் பராமரிப்பு வியக்கத்தக்கதே. எனினும் குளத்தில் போட்ட முதல் அங்கத்தினர் அனைவருடைய பொதுப்பணமாதலால், குஞ்சு விடுமுன் மேற்கூறியவற்றைச் சங்கக் கூட்டத்தில் ஆலோசித்து முடிவு செய்வார்களாக.