எல்லைக்கல் – 14: இரண்டு அரசு, ஒரே கடற்கரை

நவம்பர் 1 வார நாளில் வந்தால் பொம்மையார்பாளையத்தில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். காலை எட்டரை மணிக்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே அடுத்த ஊர் பிள்ளைச்சாவடி. அங்கே அதே வயதுப் பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். 1954-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நிர்வாகம் கைமாறிய நாள் அது; புதுச்சேரிக்கு விடுதலை நாள். பிள்ளைச்சாவடி புதுச்சேரியைச் சேர்ந்தது. பொம்மையார்பாளையம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். ஒரே கடல், ஒரே பேச்சு, கொள்வினை கொடுப்பினையும் உண்டு. விடுமுறை மட்டும் வேறு.

"மாமா, ஜெர்மனியிலயும் நவம்பர் 1 இப்படித்தான். பாதி ஊருக்கு லீவு, பாதி ஊருக்குக் கிடையாது" என்று ஒரு மாலை ஓர் இளம்பெண் சொன்னபோதுதான் இந்த வாரக் கட்டுரை எனக்குள் தொடங்கியது.

அவள் இந்த ஊர் மீனவர் வீட்டுப் பெண். நிலவியல் பட்டதாரி. ஜெர்மனியின் பிரேமன் நகரில் கடல்சார் நிலவியலில் முதுகலை படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். அவள் சொன்ன விஷயம் உண்மை. நவம்பர் 1 கத்தோலிக்கர்களுக்குப் புனிதர் அனைவர் பெருவிழா. ஜெர்மனியின் 16 மாநிலங்களில் பவேரியா உள்ளிட்ட ஐந்தில் மட்டுமே அன்று அரசு விடுமுறை. பிரேமனில் அதற்கு முந்தின நாள், அக்டோபர் 31, விடுமுறை. மார்ட்டின் லூதரின் சீர்திருத்த நாள். பெர்லினில் இரண்டுமே கிடையாது. ஆக்ஸ்பர்க் என்ற ஒரே ஒரு நகரத்துக்கு மட்டும் ஆகஸ்ட் 8 அன்று தனியாக ஒரு விடுமுறை உண்டு.

அவள் மடியில் ஒரு கற்றைத் தாள். ஜெர்மன் குடியுரிமை கேட்பவர்கள் எழுத வேண்டிய தேர்வின் வினாக்கள். மாணவர் விசாவுக்கு அந்தத் தேர்வு தேவையில்லை. "போற ஊரைப் பத்தி ஒண்ணும் தெரியாம போகக் கூடாது இல்ல?" என்று இணையத்திலிருந்து எடுத்து அச்சடித்து வைத்திருக்கிறாள். தேர்வில் 33 கேள்விகள், 17 சரியாக இருந்தால் தேர்ச்சி. அந்த 33-ல் மூன்று கேள்விகள், எழுதுபவர் எந்த மாநிலத்தில் வசிக்கிறாரோ அந்த மாநிலத்தைப் பற்றியவை. அதன் சின்னம் எது, கொடியின் நிறம் என்ன, எத்தனை வயதில் வாக்குரிமை என்ற மாதிரி. ஒரு நாட்டின் குடிமகனாக விரும்புகிறவன் தன் மாநிலத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்று அந்த அரசு எதிர்பார்க்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

அதில் ஒரு கேள்வி: உங்கள் மாநிலத்தில் எந்தத் துறைக்கு அமைச்சர் கிடையாது? விடை, வெளியுறவு. சாதாரணக் கேள்விதான். ஆனால் ஜெர்மன் அரசியலின் திறவுகோல் அதற்குள் இருக்கிறது. வெளியுறவும் ராணுவமும் மத்திய அரசுக்கு. பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், காவல்துறை போன்றவை பெரும்பாலும் மாநிலத்துக்கு.

வெளிநாடு போகும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது பொது அறிவுக்காக மட்டுமில்லை, வீட்டுக் கணக்குக்காகவும்தான். "ஜெர்மனியில படிப்பு இலவசம்" என்று டீக்கடையில்கூடச் சொல்கிறார்கள். எந்த மாநிலத்தில் என்று கேட்பவர்கள் குறைவு. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. பவேரியாவில் சட்டம் மாறியபின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வைத்துவிட்டது; முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை. பிரேமனில் வெளிநாட்டு மாணவர் என்பதற்காக அப்படியொரு கட்டணம் இல்லை. அவள் பிரேமனைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். நாட்டின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கடன் வாங்கும் அப்பாக்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிரேமனைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல எனக்குப் புதுச்சேரி வரைபடம்தான் கண்முன் வந்தது. பிரேமன் மாநிலம் இரண்டு துண்டு. பிரேமன் நகரம் ஒன்று; சுமார் 60 கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்தில் பிரேமர்ஹாஃபன் துறைமுகம் மற்றொன்று. நடுவில் கிடப்பது லோயர் சாக்சனி என்ற வேறு மாநிலம். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று சிதறிக் கிடக்கும் ஒரு பிரதேசத்தை ஒட்டி வளர்ந்தவளுக்கு அதைப் புரிந்துகொள்ள ஆசிரியர் தேவைப்படவில்லை. "நம்ம பாண்டி மாதிரிதான் மாமா" என்று முடித்துவிட்டாள்.

ஒரு வேறுபாடு உண்டு, அது பெரியது. பிரேமனின் பரப்பு சுமார் 420 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறத்தாழ ஏழு லட்சம். பரப்பிலும் மக்கள்தொகையிலும் புதுச்சேரியைவிடச் சிறியது. ஆனாலும் முழு மாநிலம். மாநிலங்களின் அவையான பூண்டஸ்ராட்டில் மொத்தம் 69 வாக்குகள். அதில் பிரேமனுக்கு 3, பவேரியா போன்ற பெரிய மாநிலத்துக்கே 6-தான். அங்கே உட்காருகிறவர்கள் மாநில அரசின் பிரதிநிதிகள். ஒரு மாநிலத்தின் வாக்குகள் எல்லாம் ஒரே பக்கம்தான் விழ வேண்டும். 2002 மார்ச்சில் குடியேற்றச் சட்டத்துக்கு பிராண்டன்பர்க் மாநிலத்தின் வாக்கு இரண்டாகப் பிளந்தது. அந்தக் காரணத்துக்காகவே அரசியல் சாசன நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. நம் மாநிலங்களவையில் புதுச்சேரிக்கு ஓர் இடம். சட்டமன்றம் மாநில அந்தஸ்து கேட்டு எத்தனையோ தீர்மானங்கள் போட்டுவிட்டது, இன்னும் வந்தபாடில்லை.

ஜெர்மானியர்கள் மாநில உரிமையை இவ்வளவு கவனமாகப் பூட்டி வைத்ததற்குப் பின்னால் ஒரு வடு இருக்கிறது. 1932 ஜூலை 20 அன்று ஜெர்மனியின் சான்சலர் ஃபான் பாப்பன், அவசர ஆணையின் துணையோடு பிரஷ்ய மாநில அரசை வெளியேற்றினார். நாட்டிலேயே பெரிய மாநிலம் அது. ஆறு மாதத்தில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1934 ஜனவரி 30 அன்று எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஒழிக்கப்பட்டன. போர் முடிந்து 1949-ல் அடிப்படைச் சட்டத்தை எழுதியபோது, நாடு மாநிலங்களாகப் பிரிந்திருப்பதை எந்தத் திருத்தத்தாலும் ஒழிக்க முடியாது என்று 79-ஆம் பிரிவில் எழுதி வைத்தார்கள். 1976-லும் 1991-லும் ஆட்சிக் கலைப்பைக் கண்ட தமிழ்நாட்டுக்கு அந்த வரியின் எடை தெரியும்.

பிரஷ்ய அரசு வெளியேற்றப்பட்ட நாட்களில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஓர் இந்திய மாணவர் படித்துக்கொண்டிருந்தார். பெயர் ராம் மனோகர் லோகியா. 1929-ல் போனவர், 1933-ல் முனைவர் பட்டத்தோடு திரும்பினார். ஆய்வுப் பொருள் இந்தியாவின் உப்பு வரி. இங்கிருந்து வடக்கே மரக்காணம் உப்பளத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். அவ்வளவு தூரம் போய், நம் ஊர் ஏழையின் சோற்றில் போடும் உப்பைப் பற்றி எழுதினார் அவர். கிராமம், மாவட்டம், மாநிலம், மையம் என்ற நான்கு தூண்களில் அரசு நிற்க வேண்டும் என்று பின்னாளில் வாதாடியவரும் அவரே. அவள் போகிற வழியில் முன்பே நடந்தவர் என்று அவளிடம் சொன்னேன். பெயரை எழுதி வைத்துக்கொண்டாள்.

ஒரு பிரதேசம் தன் பெயரை விட்டுக்கொடுக்க மறுப்பது பிடிவாதம் இல்லை என்பதற்கும் இரண்டு நாட்டிலும் சான்று உண்டு. 1979 ஜனவரியில், புதுச்சேரியைப் பக்கத்து மாநிலங்களோடு இணைக்கலாம் என்ற மொரார்ஜி தேசாயின் பேச்சுக்கு எதிராகப் புதுச்சேரி கொதித்தெழுந்தது. 1996 மே மாதம் பெர்லினையும் அதைச் சுற்றியுள்ள பிராண்டன்பர்க்கையும் ஒன்றாக்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். பிராண்டன்பர்க் மக்கள் வேண்டாம் என்றார்கள். அத்தோடு அந்தத் திட்டம் நின்றுபோனது.

எல்லை இருக்கட்டும். எல்லையைப் பார்க்காத கடலை என்ன செய்வது? அவள் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றோம். அப்பாவின் பைபர் போட்டை இழுத்து வைக்க மணல் இல்லை. வலையை உலர்த்தும் இடமும் போய்விட்டது. ஒரு தென்னையின் வேர்கள் பாதிக்குமேல் வெளியே தொங்குகின்றன.

காரணம் ஊருக்கே தெரியும். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980-களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த மணலைத் தெற்கிலேயே நிறுத்திவிட்டன. வடக்கே கரை தேய்ந்தது. புதுச்சேரி தன் நகரத்தைக் காக்கக் கல் கொட்டியது. அரிப்பு இன்னும் வடக்கே, தமிழ்நாட்டுக் குப்பங்களுக்கு நகர்ந்தது. இங்கே கடலுக்குள் கல்லால் தூண்டில் வளைவு போட்டால் அடுத்த அடி பிள்ளைச்சாவடிக்கு. ஒருவர் கரையைக் காத்தால் மற்றவர் கரை போகிறது.

இதற்கு ஜெர்மனியில் என்ன வழி என்று அவளே தேடிப் படித்திருந்தாள். அங்கே கடற்கரைப் பாதுகாப்பு மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து சுமக்க வேண்டிய பணி என்று அடிப்படைச் சட்டத்தின் 91-ஏ பிரிவிலேயே இருக்கிறது. செலவில் 70 விழுக்காடு மத்திய அரசு தருகிறது. 1962 பிப்ரவரிப் புயல் வெள்ளத்தில் ஹாம்பர்க்கில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த கரை அது. 2007-ல் பிரேமனும் லோயர் சாக்சனியும் தங்கள் கடற்கரைக்கு ஒரே திட்டத்தைச் சேர்ந்தே வெளியிட்டன. வெள்ளத் தடுப்புக் கரைக்கு உட்புறம் நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கரைச் சங்கத்தின் உறுப்பினர். பராமரிப்புக்குப் பங்கு கொடுத்தாக வேண்டும். நம் குடிமராமத்து போலத்தான்.

நம்மிடம் வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாடும் புதுச்சேரியும் தென்மண்டலக் கவுன்சிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகின்றன. அரியாங்குப்பம் முகத்துவாரத்திலிருந்து மரக்காணம் வரை ஒரே கரை, ஒரே திட்டம், ஒரே கணக்கு என்று அங்கே ஒரு தீர்மானம் வர வேண்டும். வானூர் சட்டமன்ற உறுப்பினரும் காலாப்பட்டு சட்டமன்ற உறுப்பினரும் ஒரு நாள் இந்தத் தென்னையின் அடியில் சேர்ந்து நிற்க வேண்டும். அதைக் கேட்க வேண்டியது எல்லையின் இரு பக்கத்து மக்கள். கல் கேட்டு இரு குப்பங்களும் தனித்தனியாகச் சாலையில் உட்கார்ந்தது போதும். அடுத்த மனுவில் இரண்டு ஊர்க் கையெழுத்தும் ஒரே தாளில் இருக்கட்டும்.

(தொடரும்)