நச்சு வாயு மருந்தாகுமா?

பாதாளச் சாக்கடையில் இறங்கியவர் மயங்கி விழ, அவரை மீட்க இறங்கியவரும் மடிந்தார் என்னும் செய்தி நாளேடுகளுக்குப் புதிதன்று. இச்சாவுகளுக்குப் பெரும்பாலும் காரணமாவது, அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டினால், இதன் நாற்றத்தை உணரும் ஆற்றலையே மூக்கு இழந்துவிடுகிறது. இதே வாயுவை மனித உடல் சிற்றளவில் இடையறாது உண்டாக்கி வருகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து சில நொதிகள் இதனை ஆக்குகின்றன. மூளையில் இதற்குப் பணி உண்டென்று 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்களான அபே, கிமுரா இருவரும் காட்டினர். இரத்த நாளச் சுவரின் தசையை இது தளர்த்துவது பின்னர்ப் புலனாயிற்று. அந்நொதிகளுள் ஒன்று இல்லாதவாறு வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்கு இரத்த அழுத்தம் மிகுந்ததை 2008இல் வெளியான ஆய்வு எடுத்துரைத்தது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தில் இவ்வாயு குறைந்திருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது. பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்களிலிருந்து சிவப்பணுக்கள் இவ்வாயுவை ஆக்குகின்றன என்பது உண்மையே. அதுகொண்டு பூண்டு தின்றால் சிறுநீரகம் தேறும் என முடிவுகட்டுவது அவசரமாகும்.

சிக்கல் அளவிலும் சூழலிலும் உள்ளது. இரத்த ஓட்டம் தடைப்பட்டு மீளும்போது எலிகளின் சிறுநீரகத்துக்கு நேரும் சேதத்தை, இவ்வாயுவை வெளிவிடும் சேர்மங்கள் குறைத்தன. சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்தினால் விளைந்த சேதத்திலோ, வாயு உற்பத்தியைத் தடுத்தபோதே எலிகள் நலம் பெற்றன.

இத்துறையில் கவனம் பெற்றுள்ள பொருள் சோடியம் தயோசல்பேட். புகைப்படக் கூடங்களில் 'ஹைப்போ' எனப் பெயர் பெற்றதும், சயனைடு நஞ்சுக்கு முறிவாக வழங்கப்படுவதும் இதுவே. உடலில் இது ஹைட்ரஜன் சல்பைடைத் தரவல்லது. டயாலிசிஸ் நோயாளிகளின் நுண்ணிய நாளங்களில் சுண்ணம் படிந்து தோல் அழுகும் கொடிய நோய்க்கு மருத்துவர்கள் இதனைப் பயன்படுத்துகின்றனர். எனினும், மாரடைப்பு நோயாளிகளிடையே நெதர்லாந்தில் நடத்தப்பெற்று 2023இல் வெளியான ஆய்வில், இதனால் இதயத் தசையின் சேதம் குறையவில்லை.

இங்கே ஒரு பொருளாதார உண்மையும் உண்டு. மலிவான பழைய ரசாயனத்தைச் சிறுநீரக நோய்க்கெனச் சோதிக்கப் பெருந்தொகை செலவிடுவதில் தனியார் நிறுவனங்களுக்கு ஆதாயம் சொற்பமே. இவ்வாய்வுகள் பொதுப் பணத்தைக் கொண்டே நடைபெற வேண்டியிருக்கும். 2016இல் தொடங்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டம் வறியோரின் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. வாரம் இருமுறையோ மும்முறையோ இழக்கும் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் நோயாளியின் குடும்பமே சுமக்கிறது. நோய் முற்றுவதைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடும் மருந்து எதுவாயினும் அக்குடும்பத்துக்கு அது பெரும் வரவாகும். அதுவரை இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும், மருத்துவர் தரும் மருந்துகளை விடாது உட்கொள்வதுமே கைவசமுள்ள வழிகள்.