கினிப் பன்றிக்கு நல்ல மருத்துவரைக் கண்டறிவது எப்படி?

முயல் வளர்ப்போர் பலரது கொட்டகையில் இப்போது இரண்டு கூண்டு கினிப் பன்றியும் இருக்கிறது. செல்லப் பிராணிக் கடைகளில் 'கினி பிக்' என்று விற்கப்படும் இதைச் சில ஊர்களில் சீமை எலி என்றும் சொல்கிறார்கள். குழந்தைகளுக்காக ஒரு ஜோடி வாங்கியவர்களும் உண்டு. குட்டிகளைக் கடைகளுக்குக் கொடுத்துச் சிறு வருமானம் பார்ப்பவர்களும் உண்டு. தீவனச் செலவு குறைவு, இடமும் அதிகம் தேவையில்லை. ஆனால் நோய் வந்தால் யாரிடம் காட்டுவது என்ற கேள்விக்குப் பலரிடம் விடை இல்லை.

விடை தெரியாததால் நடப்பது இதுதான். பிராணி தீவனம் எடுக்காமல் மூலையில் ஒடுங்கியிருக்கும். ஆட்டுக்கு வாங்கி மீதமிருந்த மாத்திரையில் கால் பங்கையோ, குழந்தைக்கு வாங்கிய சளி மருந்தில் சில சொட்டையோ கொடுப்பார்கள். நான்கைந்து நாளில் கழிச்சல் கண்டு இறந்துவிடும். நோயால் செத்தது என்று நினைத்துப் புதைத்துவிடுவார்கள். உண்மையில் பல நேரம் கொன்றது அந்த மருந்தாகவே இருக்கும்.

மருந்தே நஞ்சாகும் விதம்

முயலும் கினிப் பன்றியும் குதிரையைப் போலப் பின்குடலில் தீவனத்தைச் செரிப்பவை. அங்குள்ள நல்ல நுண்ணுயிர்கள்தான் நார்ச்சத்தை உடைத்துக் கொடுக்கின்றன. பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், லின்கோமைசின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் கினிப் பன்றியின் குடலுக்குள் போனால் இந்த நல்ல நுண்ணுயிர்கள் அழிந்துவிடும். அந்த இடத்தில் கிளாஸ்டிரிடியம் வகை பாக்டீரியா பெருகி நஞ்சைச் சுரக்கும். அதன் பிறகு காப்பாற்றுவது கடினம். முயலுக்கும் இவற்றை வாய்வழி கொடுக்கக் கூடாது. கினிப் பன்றிக்குப் பெனிசிலினை ஊசியாகப் போடுவதும் ஆபத்து.

1940ஆம் ஆண்டு மே மாதம் ஆக்ஸ்போர்டில் பெனிசிலினை முதன்முதலில் சுண்டெலிகளுக்குக் கொடுத்துத்தான் அதன் ஆற்றலைக் கண்டறிந்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது கினிப் பன்றிகளைக் கொல்லும் என்பதும் தெரியவந்தது. அன்று சுண்டெலிக்குப் பதில் கினிப் பன்றியில் சோதித்திருந்தால் அந்த மருந்தே கைவிடப்பட்டிருக்கலாம் என்று மருத்துவ வரலாற்றில் சொல்வதுண்டு.

எனவே கினிப் பன்றிக்கு நல்ல மருத்துவர் யார் என்று கேட்டால், எந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்தவர் என்பதே முதல் பதில். மற்றத் தகுதிகள் எல்லாம் அதற்குப் பிறகு.

எங்கே தேடுவது?

கால்நடை மருத்துவப் பட்டப் படிப்பில் மாடு, ஆடு, கோழி, நாய்க்கே அதிக இடம். அதனால் ஊர் மருந்தக மருத்துவர் கினிப் பன்றியை அதிகம் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அது அவர் குறையல்ல. வரும் பிராணிகளைப் பொறுத்துத்தான் அனுபவம்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரி மருத்துவமனைகளை முதலில் விசாரிக்கலாம். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கல்லூரிகளுடன், சேலம் மாவட்டம் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் வந்துள்ளன. இங்கு அறுவை, மருத்துவம், நோயறிதல் எனத் தனித்தனித் துறைகள் இருப்பதால் ஒருவருக்குத் தெரியாததை மற்றவரிடம் கேட்க முடியும். மாவட்டங்களில் இயங்கும் இதே பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையங்களில் முயல் வளர்ப்பு பற்றிக் கேட்பவர்கள், சுற்றுவட்டாரத்தில் சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர் யார் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் முயல் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டுள்ளது. அங்கே முயல் வாங்கப் போகும் பண்ணையாளர்கள் இதையும் விசாரிக்கலாம்.

நகரங்களில் தனியார் மருத்துவமனைகளில் பறவை, முயல் போன்றவற்றைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பலகையில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984-இன்படி பதிவு பெற்றவரே கால்நடை மருத்துவம் செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. கடைக்காரர், மருந்துக் கடைப் பணியாளர் ஆகியோரின் யோசனை சிகிச்சை ஆகாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

பிராணி நலமாக இருக்கும்போதே தொலைபேசியிலோ நேரிலோ மரியாதையாக இவற்றைக் கேளுங்கள்.

1. 'டாக்டர், நீங்கள் முயல், கினிப் பன்றி பார்ப்பதுண்டா? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?' நேரான பதில் வந்தால் நல்லது.

2. 'சளி பிடித்தால் என்ன ஆன்டிபயாடிக் கொடுப்பீர்கள்?' என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா போன்ற பெயர்கள் வந்தால் அவருக்குப் பழக்கம் உண்டு என்று கொள்ளலாம். அமாக்சிசிலின் சிரப் என்றால் வேறு மருத்துவரைத் தேடுங்கள். இந்தப் பெயர்கள் மருத்துவரைச் சோதிக்கத்தான். நீங்களே வாங்கிக் கொடுக்க அல்ல. அளவு எடைக்கு எடை மாறும்.

3. 'அறுவைக்கு முதல் நாள் பட்டினி போட வேண்டுமா?' நாய்க்கு வாந்தி வரும் என்பதால் பட்டினி போடுகிறோம். கினிப் பன்றியால் வாந்தி எடுக்க முடியாது. இரவு முழுக்கப் பட்டினி கிடந்தால் குடல் இயக்கம் நின்றுவிடும். இரவு முதல் எதுவும் கொடுக்காதீர்கள் என்று சொல்பவரிடம் அறுவை வேண்டாம்.

4. 'கடைவாய்ப் பல்லை எப்படிப் பார்ப்பீர்கள்?' கினிப் பன்றிக்கு 20 பற்கள். எல்லாமே ஆயுள் முழுக்க வளரும். முன்பல்லை மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றால் போதாது. உள்பற்கள் கூர்ந்து வளர்ந்து நாக்கை அழுத்தினால் பிராணி பசியோடு தீவனத்தின் முன் உட்கார்ந்திருக்கும், சாப்பிட முடியாது. விளக்குள்ள கருவி கொண்டு உள்ளே பார்க்க வேண்டும்.

5. 'இரவிலோ ஞாயிற்றுக்கிழமையோ என்றால் யாரிடம் போவது?' அவசரத்தில் அலைவதைவிட முன்பே தெரிந்திருப்பது நல்லது.

பரிசோதனை அறையில் கவனிக்க வேண்டியவை

நல்ல மருத்துவர் முதலில் தராசைத் தேடுவார். வளர்ந்த கினிப் பன்றி சுமார் 700 முதல் 1,200 கிராம் எடை இருக்கும். 50 கிராம் குறைவதும் அதற்குப் பெரிய இழப்பு. எனவே கிராம் கணக்கில் எடை போடாமல் மருந்து எழுதினால் கேள்வி கேளுங்கள்.

அடுத்து, என்ன தீவனம் போடுகிறீர்கள் என்று கேட்பார். மனிதனைப் போலவே கினிப் பன்றியின் உடலும் வைட்டமின் சி-யைத் தயாரிக்காது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 மில்லிகிராம் வேண்டும். சினைப் பெட்டைக்கு 30 மில்லிகிராம் வரை தேவைப்படும். முயல் தீவனத்தை மட்டும் போட்டு வளர்த்தால் சில வாரங்களில் மூட்டு வீங்கி நொண்டும், உரோமம் சொரசொரப்பாகும், ஈறில் ரத்தம் கசியும். இதைக் கால் அடிபட்டது என்று வலி மருந்து கொடுத்து அனுப்புபவர்களும் உண்டு. தீவனம் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காத மருத்துவரால் இந்த நோயைப் பிடிக்க முடியாது.

முயலோடு ஒரே கூண்டில் வைத்திருக்கிறீர்களா என்பதும் நல்ல கேள்வி. முயலின் மூக்கில் தொந்தரவு தராமல் தங்கும் போர்டெடெல்லா பாக்டீரியா, கினிப் பன்றிக்கு நிமோனியாவை உண்டாக்கும். இரண்டையும் தனித்தனியே வைப்பதே நல்லது.

சொறி கண்டால் தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பவர் நல்லவர். சொறி உண்ணிக்கும் படர்தாமரைக்கும் மருந்து வேறு. படர்தாமரை குழந்தைகளுக்கும் தொற்றும். நாய்க்கு அடிக்கும் உண்ணி ஸ்பிரேயைச் சிறு பிராணிக்கு அடிக்க வேண்டாம். ஃபிப்ரோனில் கலந்தவை முயலைக் கொன்றுவிடும். கினிப் பன்றிக்கு நாய் போல ஆண்டுத் தடுப்பூசி எதுவும் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

மாடு ஒருவேளை தீவனம் எடுக்காவிட்டால் மறுநாள் பார்க்கலாம் என்று இருப்போம். இதில் அது கூடாது. வேட்டையாடப்படும் பிராணி என்பதால் நோயைக் கடைசி வரை மறைக்கும். நமக்குத் தெரியும்போது ஏற்கெனவே தாமதமாகியிருக்கும். கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே கொண்டு போங்கள்.

- 12 மணி நேரமாகத் தீவனம் எடுக்கவில்லை. புழுக்கை சிறுத்துவிட்டது அல்லது நின்றுவிட்டது.
- வாயில் எச்சில் ஒழுகித் தாடை நனைந்திருக்கிறது.
- மூக்கு, கண்ணில் நீர் வடிகிறது, மூச்சு இரைக்கிறது.
- சிறுநீர் கழிக்கும்போது கத்துகிறது. ரத்தம் கலந்து வருகிறது. சிறுநீர்ப்பைக் கல்லாக இருக்கலாம்.
- சினைப் பெட்டை 20 நிமிடத்துக்கு மேல் முக்கியும் குட்டி வரவில்லை.
- வெயில் நேரத்தில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. 30 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே இதற்கு ஆபத்து. நம் ஊர்க் கோடையில் இது தினசரிக் கவலை.

சினைக் காலம் ஏறத்தாழ 59 முதல் 72 நாட்கள். குட்டிகள் உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறப்பதால் உருவம் பெரிது. முதல் ஈற்று ஏழெட்டு மாத வயதைத் தாண்டித் தள்ளிப்போன பெட்டைகளில் ஈற்றுச் சிக்கல் அதிகம் என்பது கால்நடை மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படுவது. அப்படிப்பட்ட பெட்டை உங்களிடம் இருந்தால், ஈனும் நாளுக்கு முன்பே அறுவை செய்யக்கூடிய மருத்துவரிடம் பேசி வையுங்கள்.

அருகில் யாருமே இல்லையென்றால்

பெரும்பாலான கிராமங்களில் நிலைமை இதுதான். அங்கே உள்ளூர்க் கால்நடை மருந்தக மருத்துவரையே துணையாக்கிக்கொள்வதுதான் வழி. எடை போட, ஊசி போட, நீர்ச்சத்து ஏற்ற, பல் பார்க்க அவரால் முடியும். 'ஐயா, இதற்குப் பெனிசிலின் வகை ஆகாது என்று கேள்விப்பட்டேன், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்' என்று தாழ்மையாகச் சொன்னால் நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தனக்குத் தெரியாது, கல்லூரியில் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரை விட்டுவிடாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டறியும் மருத்துவர், எல்லாம் தெரியும் என்பவரைவிட மேல்.

நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். என்ன தீவனம், எப்போது ஈன்றது, முன்பு என்ன மருந்து கொடுத்தது என்பதையும் எழுதுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டும், கொஞ்சம் புழுக்கையும், கொடுத்த மருந்தின் அட்டையும் கையில் இருக்கட்டும். காற்றோட்டமான கூடையில் புல் போட்டு, காலையிலோ மாலையிலோ கொண்டு போங்கள். வழியில் தின்ன வெள்ளரித் துண்டு வையுங்கள். மூடிய அட்டைப் பெட்டியும் பிளாஸ்டிக் பையும் வேண்டாம்.

தீவனத்தில் பெரும்பங்கு புல்லாக இருந்தால் பல் நோயும் குடல் நோயும் பாதி குறையும். கோ-4, கோ-5 கம்பு நேப்பியர், அருகம்புல் தாராளமாகப் போடலாம். கொய்யாத் துண்டு, குடைமிளகாய், கொத்தமல்லித் தழை வைட்டமின் சி-க்கு உதவும். முருங்கைக் கீரையிலும் குதிரைமசாலிலும் சுண்ணாம்புச் சத்து அதிகம். தினமும் நிறையப் போட்டால் சிறுநீர்ப்பையில் கல் சேரலாம். வைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்தால் சில மணி நேரத்தில் வீரியம் போய்விடும்.

விரிவாக்கப் பணியாளர்கள் இதில் ஒரு உதவி செய்யலாம். வட்டாரத்தில் முயல், கினிப் பன்றி வளர்ப்போரின் பட்டியலை எடுத்து, அவர்களை ஒரு நாள் கால்நடை மருந்தகத்தில் கூட்டி மருத்துவருடன் பேச வைக்கலாம். தனியாக ஒருவர் கொண்டு வரும் சிறு பிராணிக்காக மருத்துவர் புத்தகம் புரட்ட நேரம் இருக்காது. பத்துப் பேர் வளர்க்கிறார்கள் என்று தெரிந்தால் அவரும் படிப்பார், தேவையான மருந்தையும் வாங்கி வைப்பார். கொடுக்கக் கூடாத மருந்துகளின் பெயரை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு கொட்டகையிலும் ஒட்டச் சொல்லுங்கள்.

சில நூறு ரூபாய்ப் பிராணிக்கு இவ்வளவு அலைச்சலா என்று தோன்றலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கினிப் பன்றி ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வாழும். வீட்டுப் பிள்ளைகள் பெயர் வைத்து வளர்ப்பது அதைத்தான். பண்ணையாளருக்கோ, ஒரு கூண்டில் தவறாகக் கொடுத்த மருந்து அடுத்த கூண்டுக்கும் போகும். மொத்த வருமானமும் போய்விடும். மருத்துவரைத் தேடும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். பிராணி நன்றாகத் தின்றுகொண்டிருக்கும்போது தேடுவதுதான் சுலபம்.