நிரலுக்குள் ஒரு துடைப்பம் – 11: பாதி முகவரி

சி மொழியில் வாய்ட் பாயின்ட்டர் வருவதற்கு முன் கேரக்டர் பாயின்ட்டர்தான் எல்லாவற்றுக்கும் பொது. அதனால் மெமரி வாங்கித் தரும் மேலாக் ஃபங்ஷன் தருவதைக் காஸ்ட் செய்து, அதாவது டைப் மாற்றித்தான் வாங்க வேண்டியிருந்தது. 1989-இன் ஆன்சி தரம் அந்தத் தேவையை ஒழித்தது. போன வாரக் கதை இவ்வளவுதான். இந்த வாரம் ஃபங்ஷன் பாயின்ட்டர் காஸ்ட்டுகளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் ஒரு பிழைதிருத்தப் பட்டியலைப் புரட்டப் போய், வாரம் முழுக்க அதிலேயே கிடந்தேன். அதைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை.

கெர்னிகனும் ரிட்ச்சியும் எழுதிய சி நூலின் இரண்டாம் பதிப்பு 1988-இல் வந்தது. அதன் 142-ஆம் பக்கத்தில், மேலாக் தரும் பாயின்ட்டரை வேண்டிய டைப்புக்குக் காஸ்ட் செய்துகொள்வதே முறை என்று ஓர் அறிவுரை இருக்கிறது. ஒரு தலைமுறையே அதைப் படித்துத்தான் சி எழுதக் கற்றது. பின்னாளில் வெளியான பிழைதிருத்தப் பட்டியல், அந்த இடத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்கிறது. ஆன்சிக்குப் பிறகு காஸ்ட் அவசியமில்லை. அதோடு, மேலாக்கோ அதற்குப் பதிலாக நாம் எழுதி வைத்திருக்கும் ஃபங்ஷனோ சரியாக அறிவிக்கப்படாமல் போயிருந்தால், காஸ்ட் அந்தத் தவறை மூடி மறைத்துக் கெடுதல் செய்யலாம் என்று காரணமும் சொல்கிறது. நூலை எழுதியவர்களே தங்கள் அறிவுரையை இத்தனை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றிருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்தக் கெடுதல் எப்படி நடக்கிறது என்று தேடிப் போனால், இன்னும் சுவாரஸ்யம்.

பழைய சி-யில் ஒரு ஃபங்ஷனை அறிவிக்காமலே அழைக்கலாம். ஹெடர் ஃபைலைச் சேர்க்க மறந்தால், அந்த ஃபங்ஷன் இன்ட் ஒன்றைத் திருப்பித் தரும் என்று கம்பைலர் தானாகவே முடிவுகட்டிக்கொள்ளும். சி99 தரம் இந்த விதியை நீக்கிவிட்டது. ஆனாலும் கம்பைலர்கள் பல ஆண்டுகள் வெறும் வார்னிங்கோடு விட்டுவந்தன. ஜிசிசி கம்பைலர் இதை எரர் ஆக்கியது 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பில்தான்.

மேலாக் விஷயத்தில் ஜிசிசி கொஞ்சம் கருணை காட்டும். அந்தப் பெயர் அதற்கு முன்பே தெரியும் என்பதால், ஹெடர் இல்லாவிட்டாலும் சரியான டைப்பையே எடுத்துக்கொள்ளும். சிக்கல் வருவது நாம் சொந்தமாக எழுதும் ஃபங்ஷன்களில்தான். மெமரி கிடைக்காவிட்டால் செய்தி அச்சிட்டு நிறுத்துகிற எக்ஸ்மேலாக் மாதிரி ஒன்று எல்லாப் பழைய நிரல்களிலும் இருக்கும். அதைக் கம்பைலருக்கு எங்கே தெரியப் போகிறது? பிழைதிருத்தம் பதில் ஃபங்ஷனையும் மறக்காமல் சேர்த்தது எவ்வளவு சரி என்று இந்த இடத்தில் புரிகிறது.

இன்ட்டும் பாயின்ட்டரும் நான்கு பைட்டாக இருந்த 32 பிட் காலத்தில் இதனால் எதுவும் கெடவில்லை. காஸ்ட் போடாமல் எழுதியிருந்தால், இன்டிஜரைப் பாயின்ட்டர் ஆக்குகிறாயே என்று கம்பைலர் கேட்டிருக்கும். காஸ்ட் போட்டதும் அந்தக் கேள்வி அடங்கிவிடும். நிரலும் ஆண்டுக்கணக்கில் நன்றாக ஓடும். அதே நிரலை 64 பிட்டுக்குக் கொண்டுவந்தால், பாயின்ட்டர் எட்டு பைட், இன்ட் அதே நான்கு பைட். கடித உறையில் ஊர்ப்பெயர் கிழிந்துபோய்க் கதவு எண் மட்டும் மிஞ்சியது போல, முகவரியின் கீழ்ப் பாதி மட்டும் வந்து சேரும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். அப்ஜெக்ட் ஃபைலை டிஸ்அசெம்பிள் செய்து, எக்ஸ்மேலாக்கை அழைக்கும் கால் வரிக்கு அடுத்த வரியைப் பாருங்கள். சி-எல்-டி-க்யூ என்று ஒற்றை இன்ஸ்ட்ரக்‌ஷன் நிற்கும். 32 பிட் எண்ணை எடுத்து, அதன் உச்சி பிட்டையே மேலே உள்ள 32 இடங்களிலும் நிரப்புவதுதான் அதன் வேலை. உச்சி பிட் பூஜ்யமாக இருந்தால் மேல் பாதி முழுக்கப் பூஜ்யம். ஒன்றாக இருந்தால் மேல் பாதி முழுக்க ஒன்று. லினக்ஸில் அது கெர்னலுக்குரிய பகுதிக்குள் போய் விழும். ஹெடரைச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்தால் அந்த வரி காணாமல் போகும். இரண்டு பைட் நீளமுள்ள அந்த இன்ஸ்ட்ரக்‌ஷன்தான் மொத்தத் தவறுக்கும் சாட்சி.

அப்படியென்றால் இத்தகைய நிரல்கள் 64 பிட்டில் ஓடத் தொடங்கிய அன்றே விழுந்திருக்க வேண்டாமா? இந்த வாரம் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான். 64 பிட் லினக்ஸில் வெகுகாலம் நிரல்கள் 4 மெகாபைட் முகவரியில்தான் ஏற்றப்பட்டன. ஹீப் அதற்குச் சற்று மேலே தொடங்கும். அங்கிருந்து கிடைக்கும் முகவரிகளெல்லாம் சிறிய எண்கள். மேல் பாதி ஏற்கெனவே பூஜ்யம் என்பதால், வெட்டினாலும் நஷ்டமில்லை. ஆனால் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியின் மேலாக்கிடம் 128 கிலோபைட்டோ அதற்கு மேலோ கேட்டால், வழக்கமாக அது ஹீப்பைத் தொடாது. கெர்னலிடமிருந்து எம்மேப் வழியாகத் தனி இடம் வாங்கித் தரும். அந்த இடம் 128 டெராபைட் எல்லைக்குச் சற்றுக் கீழே இருக்கும். அந்த முகவரியைப் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது சம்பந்தமே இல்லாத ஓர் எண். ஆக, சின்ன ஃபைலைக் கொடுத்தால் ஒழுங்காக ஓடும் நிரல், பெரிய ஃபைலைக் கொடுத்ததும் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழும். சோதித்துப் பார்ப்பவர் கையில் பெரும்பாலும் சின்ன ஃபைல்தான் இருக்கும்.

அடுத்து இன்னொரு மாற்றம். பாதுகாப்புக்காக, நிரலை எந்த முகவரியிலும் ஏற்றக்கூடிய வடிவில் கம்பைல் செய்வதை உபுண்டு 2016-இலும் டெபியன் 2017-இலும் இயல்பு வழக்கமாக்கின. நிரலும் ஹீப்பும் 4 மெகாபைட்டிலிருந்து சுமார் 85 டெராபைட் உயரத்துக்குப் போய்விட்டன. அதுவரை பிழைத்திருந்த சின்னச் சின்ன மேலாக்குகளும் இனித் தப்ப முடியாது. நிரலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. திடீரென விழுகிறதே என்று அப்டேட்டைத்தான் எல்லாரும் குறை சொல்வார்கள்.

டெபியன்காரர்கள் இந்தப் பாதி முகவரிச் சிக்கலை முன்கூட்டியே கவனித்தவர்கள். ஐடேனியம் போன்ற 64 பிட் இயந்திரங்களுக்காக, பில்ட் லாக்குகளைத் துழாவும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டினார்கள். அறிவிக்கப்படாத ஃபங்ஷன் என்ற வார்னிங்கும் இன்டிஜர் பாயின்ட்டராகிறது என்ற வார்னிங்கும் ஒரே வரிக்கு ஜோடியாக வந்தால் பிடித்துவிடும். ஆயிரக்கணக்கான வார்னிங்குகளுக்கு நடுவில் இந்த ஜோடி மட்டும் எமன் என்று கண்டுகொண்டது அருமையான வேலை.

சரி, வீணான காஸ்ட்டுகளைப் பெருக்கும் துடைப்பத்துக்கு வருவோம். லினக்ஸ் கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணம், மெமரி வாங்கும் ஃபங்ஷன் தரும் வாய்ட் பாயின்ட்டரைக் காஸ்ட் செய்வது வீண் என்று நேரடியாகவே சொல்கிறது. அந்தக் காஸ்ட்டுகளைக் கையால் பொறுக்க வேண்டியதில்லை. ஜூலியா லாவலும் ஜீல் முல்லரும் சக ஆய்வாளர்களோடு உருவாக்கிய காக்சினெல் என்ற கருவி இருக்கிறது. சி-யின் இலக்கணம் தெரிந்த கருவி அது. கெர்னலின் மேலாக்கான கே-மேலாக் அழைப்புக்கு முன்னால் காஸ்ட் இருந்தால் எடுத்துவிடு என்று சில வரிகளில் விதி எழுதினால், இடைவெளி எப்படி இருந்தாலும் வரி எங்கே உடைந்திருந்தாலும் கண்டுபிடித்து பேட்ச்சாகத் தரும். கெர்னலுக்குள்ளேயே அதற்கான விதி ஃபைல் தயாராக இருக்கிறது.

எடுத்த பிறகு செய்ய வேண்டியதுதான் முக்கியம். வீணான காஸ்ட்டை நீக்கினால் மெஷின் கோடு ஒரு பைட்கூட மாறக் கூடாது. நீக்குவதற்கு முன்னும் பின்னும் அப்ஜெக்ட் ஃபைல்களைப் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். காஸ்ட் போனதால் இரண்டு வரி ஒரு வரியாகச் சுருங்கியிருந்தால், கெர்னலில் வார்ன்-ஆன் போன்ற மேக்ரோக்கள் வரி எண்ணையும் உள்ளே வைப்பதால் அங்கே மட்டும் வித்தியாசம் தெரியும், அது பாதகமில்லை. ஆனால் காஸ்ட்டை எடுத்ததும் கம்பைலர் புதிதாக ஒரு வார்னிங் தந்தால், அங்கேயே நின்றுவிடுங்கள். அந்தக் காஸ்ட் எதையோ மறைத்துக்கொண்டிருந்தது. வார்னிங் போகட்டும் என்று அதைத் திரும்ப ஒட்டி வைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

காஸ்ட் இல்லாவிட்டால் எரர் வருமே, எங்கள் லேபில் அப்படித்தானே வந்தது என்று நிறையப் பேர் கேட்பீர்கள். உண்மைதான், வந்தது. நம் கல்லூரிகளில் சி கற்றுத்தந்தது டர்போ சி++. புது ஃபைல் திறந்தால் அது வைக்கும் பெயரின் கடைசியில் சிபிபி என்று இருக்கும். பெயரை மாற்றாமல் சேமித்தால் நிரல் சி++ ஆகத்தான் கம்பைல் ஆகும். சி++ மொழியில் வாய்ட் பாயின்ட்டர் தானாக வேறு பாயின்ட்டராக மாறாது, காஸ்ட் கட்டாயம். அந்த எரரைச் சி மொழியின் விதியென்றே மனப்பாடம் செய்து, ரெக்கார்டு நோட்டில் எழுதி, வேலைக்குப் போன இடத்திலும் அப்படியே எழுதினோம். யாரையும் குறை சொல்வதற்கில்லை. சி, சி++ இரண்டிலும் கம்பைல் ஆக வேண்டிய ஹெடர் ஃபைல்களில் இன்றும் அந்தக் காஸ்ட் தேவைதான்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பெருக்கித் தள்ளிவிடவும் கூடாது. வேறு நிரலை இயக்கும் எக்ஸெக்-எல் அழைப்பின் கடைசி ஆர்குமென்ட்டாக வரும் நல்-ஐப் பாருங்கள். கையேடு அதைக் கேரக்டர் பாயின்ட்டராகக் காஸ்ட் செய்தே எழுதச் சொல்கிறது. ஆர்குமென்ட்டுகளின் எண்ணிக்கை நிலையாக இல்லாத ஃபங்ஷன்களில் டைப் என்னவென்று கம்பைலர் ஊகிக்க வழியில்லை. நல் என்பது வெறும் பூஜ்யம் என்று வரையறுக்கப்பட்ட இயந்திரத்தில் நான்கு பைட் பூஜ்யம் மட்டும் போகும். மேல் நான்கு பைட்டில் பழைய குப்பை எது வேண்டுமானாலும் இருக்கலாம். இங்கே பாதி முகவரியிலிருந்து நம்மைக் காப்பதே காஸ்ட்தான்.

ஃபங்ஷன் பாயின்ட்டர்களுக்கு இடம் தீர்ந்துவிட்டது. லினக்ஸ் கெர்னலில் டைமர் கால்பேக்குகள் வெகுகாலமாக அன்சைன்ட் லாங் ஒன்றைத்தான் வாங்கின. டிரைவர் எழுதுபவர்கள் தங்கள் பாயின்ட்டரை எண்ணாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் திரும்பப் பாயின்ட்டராக்கிக்கொண்டார்கள். 4.15-ஆம் பதிப்பில் கெர்னல் முழுவதிலும் அதை மாற்றினார்கள், அதற்கும் காக்சினெல்லைத்தான் பயன்படுத்தினார்கள். அந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்த பாதுகாப்புக் காரணத்தை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)