வெள்ளை நாடா

பட்டாளத்து மாமா என்றால் உங்கள் கண் முன் என்ன தோன்றும்? முறுக்கு மீசை, இடி போன்ற குரல், எதிரியைத் துரத்தியடித்த கதைகள். இவைதானே? எங்கள் மாமாவிடம் இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது. மீசையைச் சுத்தமாக மழித்திருப்பார். பேச்சோ, பக்கத்து அறைக்குக் கூடக் கேட்காது. கதை சொல்லச் சொன்னால், "காப்பி ஆறிப் போகிறது, குடி" என்பார்!

மாமா என் அம்மாவுக்கு அண்ணன். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, ரயில் ஜன்னலில் வயலும் புகைபோக்கியும் மாறி மாறி வரும் பிரதேசத்தில் அவர் வீடு. இன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டம். 1997க்கு முன்பு செங்கற்பட்டு மாவட்டம். அவர் பிறந்தது 1944இல். அப்பொழுது உலக யுத்தம் நடந்து கொண்டிருந்தது. புழல் ஏரியில் பிரிட்டிஷ் விமானப் படையின் கடல் விமானங்கள் வந்து இறங்குமாம். "அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கொண்டே பிறந்தவன், பட்டாளத்துக்குப் போகாமல் என்ன செய்வான்?" என்பாள் பாட்டி.

1962இல் சீன யுத்தம் வந்தது. மறு வருஷம் மாமா பெங்களூருக்கு ரயில் ஏறினார். அங்கே அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' படைப் பிரிவின் தலைமையிடம். 1780இல் தொடங்கிய பழைய படை அது. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது அவர்கள் வேலை. ராணுவத்தில் இந்தப் பிரிவின் வீரர்களுக்குச் செல்லப் பெயர் என்ன தெரியுமா? 'தம்பி'! வடக்கத்தி அதிகாரிகள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பட்டாளத்தில் பதினேழு வருஷம் தம்பியாக இருந்தவர், 1980இல் பென்ஷனுடன் ஊர் திரும்பி எல்லாருக்கும் மாமா ஆனார்.

சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பாக்டரியின் வாசலில் அவருக்குக் காவல் உத்தியோகம் கிடைத்தது. நான் பத்தொன்பது வயதில் அதே பாக்டரியில் பாக்கிங் பிரிவில் சேர விரும்பினேன். அப்பா ஒரே பிடிவாதமாக மறுத்துவிட்டார். "பெண் பிள்ளை இருட்டில் ஸ்டேஷனுக்கு நடந்து வருவதாவது!" என்றார். அவர் பயமும் நியாயமானதுதான். மழைக்காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வழி நெடுக லாரிகள்; புதர்களில் பாம்பு.

மாமா அப்பாவோடு வாதாடவில்லை. "மாப்பிள்ளை, ஒரு மாசம் பாருங்கள். நான் அழைத்து வருகிறேன்" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஒரு மாசம் பல வருஷமாக நீண்டது! தினமும் தமது காவல் நேரம் முடிந்தபின், சைக்கிளைத் தள்ளிக் கொண்டு டார்ச் விளக்குடன் மாமா முன்னால் நடப்பார். பின்னால் நாங்கள் எட்டுப் பத்துப் பெண்கள். மாமா திரும்பியே பார்க்க மாட்டார். எங்கள் பேச்சில் குறுக்கிடவும் மாட்டார். பள்ளம் வந்தால் மட்டும் டார்ச் வெளிச்சம் அங்கே இரண்டு முறை வட்டமிடும். எங்களை ரயிலில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். என் முதல் சம்பளத்தில் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "டார்ச்சுக்கு இரண்டு பாட்டரிக் கட்டை" என்றார்.

* * *

மாமா வீட்டு அலமாரியில் ஒரு பைல் உண்டு. வெள்ளை நாடாவால் கட்டியிருக்கும். அதைத் தொடுவதற்கு எங்களில் ஒருவருக்கும் தைரியம் கிடையாது. வருஷத்தில் நாலு தடவையாவது அதை அவிழ்த்து, அத்தையை எதிரே உட்கார வைத்து, ஒவ்வொரு காகிதமாக எடுத்துக் காட்டுவார். இது பென்ஷன் உத்தரவு, இது படையிலிருந்து விடுவித்த புத்தகம், இது பாங்குக் கணக்கு.

அத்தைக்கு வந்ததே கோபம்! "நீங்கள் செத்த பிறகு வேண்டிய காகிதத்தை இப்பொழுது எதற்கு என் கண்ணில் காட்டுகிறீர்கள்?" என்று எழுந்து போய்விடுவாள். மாமா பொறுமையாக நாடாவைக் கட்டி வைப்பார். அடுத்த மாசம் மறுபடியும் அவிழ்ப்பார்.

ஒரு நாள் நானே கேட்டுவிட்டேன். "ஏன் மாமா அத்தையை இப்படிப் படுத்துகிறீர்கள்?"

அன்றைக்குத்தான், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, மாமா யுத்தத்தைப் பற்றிப் பேசினார்.

1971 டிசம்பர் 15ஆம் தேதி இரவு. மேற்கு எல்லையில் ஷகர்கட் பகுதி, பசந்தர் ஆறு. இங்கே மார்கழி பிறக்கும் வேளை; அங்கே எலும்பை உறைய வைக்கும் குளிர். ஆற்றை ஒட்டிக் கண்ணிவெடி வயல். அதில் பாதை போட்டால்தான் நம் டாங்கிகள் போக முடியும். உலோகமாக இருந்தால் கருவி சத்தம் கொடுக்கும். உலோகம் இல்லாத வெடியைக் கம்பியால் மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்தித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தரையில் குப்புறப் படுத்து, ஒரு முழம் முன்னேறுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். சுத்தம் செய்த இடத்துக்கு இரு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக் கொண்டே போவார்கள். நாடாவுக்கு உள்ளே கால் வைத்தால் பிழைத்தான்!

அந்த இரவில் பாதை முடியும்வரை காத்திருக்க நேரமில்லை. பூனா ஹார்ஸ் படையின் டாங்கிகள் முழுதும் சுத்தமாகாத வயலிலேயே புகுந்து போயின. மறுநாள் அந்தப் படையின் இளம் அதிகாரி அருண் கேத்ரபால் தமது டாங்கியிலேயே உயிர் நீத்தார். பின்னர் அவருக்குப் பரம வீர் சக்கரம் வழங்கப்பட்டது. வயது 21. டிசம்பர் 17ஆம் தேதி சண்டை நின்றது.

"எனக்குப் பக்கத்தில் படுத்துக் கம்பி குத்திக் கொண்டு வந்தவன் வேலூர்ப் பக்கத்துத் தம்பி" என்றார் மாமா. "கல்யாணமாகி நாலு மாசம். பெண்டாட்டி பெயரை ரிக்கார்டில் எழுதிக் கொடுடா என்றால், நாளைக்கு நாளைக்கு என்பான். அன்றைக்கு ராத்திரியோடு அவனுக்கு நாளை இல்லை, பாப்பா."

லீவில் வந்தபோது மாமா அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தாராம். அவளை இன்னாருடைய மனைவி என்று காட்ட ஒரு காகிதமும் இல்லை. கல்யாணத்துக்குச் சாட்சி தேடி ஊர் ஊராக அலைந்து கொண்டிருந்தாள்.

"அவன் பட்டாளத்துக்கெல்லாம் நாடா கட்டினான். வீட்டுக்குக் கட்ட மறந்துவிட்டான்" என்று சொல்லி மாமா டம்ளரை எடுத்துக் கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் பூஜை அறையில் சாமி படங்களோடு ஒரு பத்திரிகைப் படமும் இருக்கும். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம். அவரும் ஒரு 'தம்பி'தான். 1944 பிப்ரவரி 24ஆம் தேதி இத்தாலியில், கூட வந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடியின் மேல் தம் உடம்பையே போட்டு மறைத்தவர். ஜார்ஜ் கிராஸ் விருது அவர் இறந்த பிறகு கிடைத்தது. அந்தப் படம் ஏன் அங்கே இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

* * *

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். 1973இல் மாமாவுக்குக் கல்யாணம். நண்பன் செய்த தவறு தமக்கு நேரக்கூடாது என்று, மறு வாரமே மனைவி பெயரைப் படைக்கு எழுதிப் போட்டார். அவசரத்தில் எழுதியது வீட்டில் எல்லாரும் கூப்பிடும் செல்லப் பெயரை! ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாவற்றிலும் அத்தைக்கு வேறு பெயர். எழுபது வயதில்தான் மாமா இதைக் கண்டுபிடித்தார். அன்று ராத்திரி அவர் தூங்கவேயில்லை.

அதன்பின் விண்ணப்பம், உறுதிமொழிப் பத்திரம், இரண்டு பெயரும் ஒருவரே என்பதற்கு அத்தாட்சி, கூட்டுப் புகைப்படம் என்று பெங்களூருக்குக் கடிதங்கள் பறந்தன. திருவள்ளூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எத்தனை நடை! கடைசியில் திருத்திய உத்தரவு வந்த அன்று மாமா அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கி வந்தார்.

அத்துடன் விட்டாரா? தமக்குப் பின் வரும் தொகை குறைவு என்று அத்தைக்கு விளக்கினார். பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதி என்றால், சாதாரணக் குடும்ப பென்ஷன் நூற்றுக்கு முப்பது. அதாவது, இப்பொழுது 100 ரூபாய் வருகிற இடத்தில் 60 ரூபாய்தான். "இந்த மாசம் அந்த 60இல் குடித்தனம் நடத்திப் பார். நாடகத்துக்கு ஒத்திகை இல்லையா? அந்த மாதிரி" என்றார். அத்தை முதல் மாசம் அழுதாள். இரண்டாவது மாசம் பால் கணக்கைக் குறைத்தாள். மூன்றாவது மாசம் 200 ரூபாய் மிச்சம் பிடித்து மாமாவிடம் காட்டினாள்!

2024 ஆவணியில் மாமா காலமானார். வயது எண்பது. அவருக்குப் பின்னால் டார்ச் வெளிச்சத்தில் நடந்த பெண்களில் பலர், இன்று பேரன் பேத்தி எடுத்தவர்கள், வந்து அழுதுவிட்டுப் போனார்கள். துக்கம் குறையவில்லை. ஆனால், மரணச் சான்றிதழைச் சேர்த்துக் கொடுத்ததும் அத்தையின் பென்ஷன் தடையில்லாமல் வந்துவிட்டது.

2025 நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டிய நாள் வந்தது. துணைக்குப் போகலாம் என்று விடியற்காலையிலேயே போனேன். அத்தை பைலை மடியில் வைத்து, வெள்ளை நாடாவைப் பிரித்து, காகிதங்களை ஒவ்வொன்றாகச் சரி பார்த்துக் கொண்டிருந்தாள்.

"உன் வீட்டுக்காரர் காகிதத்தில் உன் பெயர் எப்படி எழுதியிருக்கிறது, பார்த்தாயா?" என்று கேட்டாள்.

நான் விழித்தேன். நேயர்களே, உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

"அதுதானே பார்த்தேன்! ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் எடுத்துக் கொண்டு வா" என்று சொல்லி, நாடாவைக் கட்டி, பையில் வைத்துக் கொண்டாள். வெளியே இன்னும் விடியவில்லை. மாடத்திலிருந்து மாமாவின் டார்ச் விளக்கை எடுத்து, எனக்கு முன்னால் தெருவில் இறங்கினாள்.