பழைய டீசல் காருக்கு இன்ஜின் வேலையா, மாற்று இன்ஜினா?

ஸ்ரீரங்கம் தீவிலும், கொள்ளிடத்துக்கு அக்கரையில் லால்குடி, மண்ணச்சநல்லூர் பக்கத்திலும் பழைய அம்பாசிடர் டீசல் காரைச் சில வீடுகளில் இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக, காந்தி மார்க்கெட்டுக்குப் போக, உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போக எல்லாத்துக்கும் அதுதான். இந்த வண்டி புகை கக்க ஆரம்பித்தால் ஒருத்தர் "இன்ஜின் வேலை செஞ்சுடுங்க" என்பார். இன்னொருத்தர் "வேற இன்ஜின் தூக்கி வச்சுடலாம்" என்பார். இரண்டுமே ஒரு போகத்து வருமானத்தை விழுங்கக்கூடிய செலவு. அதனால் முடிவு எடுக்கும் முறையை இன்று பார்ப்போம்.

முதல் வேலை, நோயைக் கண்டுபிடிப்பது. உங்கள் கிணற்றடி ஆயில் இன்ஜின் மாதிரியேதான் காரின் டீசல் இன்ஜினும். ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இருபது மடங்கு நெருக்கினால் அது கொதிக்கிற சூடாகும். அந்தச் சூட்டில் நாசில் பீய்ச்சுகிற டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே காற்று நெருக்கமும், நாசிலின் பீய்ச்சலும் சரியாக இருந்தால்தான் இன்ஜின் ஓடும்.

புகையின் நிறத்தைப் பாருங்க. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைப்போ, நாசில் கோளாறோ இருக்கலாம். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது வெள்ளைப் புகை வந்து, சூடானதும் நின்றுவிட்டால் ஹீட்டர் பிளக், நாசில், நெருக்கக் குறைவு இவற்றைச் சந்தேகப்படலாம். சூடான பிறகும் வெள்ளையாக வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கணும். நீலப் புகை வந்து ஆயிலும் குறைந்தால்தான் ரிங், பிஸ்டன், சிலிண்டர், வால்வு பக்கம் தேய்மானம் என்று அர்த்தம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நாசிலையும் பம்ப்பையும் டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் சோதித்து, ஃபில்டர்களை மாற்றி, வால்வு இடைவெளியைச் சரிசெய்தால் தீரக்கூடிய கோளாறுக்கு, இன்ஜினையே இறக்கிவிடுகிறார்கள். சின்னச் செலவை முதலில் செய்து பாருங்க. பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் அளவு எடுக்கச் சொல்லி, நாலு எண்களையும் காகிதத்தில் எழுதி வாங்குங்க. நாலும் நெருங்கியிருந்து வண்டிக்குரிய அளவிலும் இருந்தால் இன்ஜினில் கை வைக்க வேண்டாம். நாலும் குறைந்திருந்தால் பொதுவான தேய்மானம். ஒன்று மட்டும் ரொம்பக் குறைந்திருந்தால் கோளாறு அந்த சிலிண்டரில். சூடான இன்ஜினில் ஆயில் பிரஷரும் விழுந்திருந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம்.

இன்ஜின் வேலை என்று முடிவானால், பிரித்தபின் லேத் பட்டறையில் சிலிண்டரையும் கிராங்க் ஷாஃப்டையும் அளந்து பார்க்கணும். திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில் டீசல் ரயில் இன்ஜின்களைக் காலமுறைப்படி பிரித்துப் பழுதுபார்க்கிறார்கள். அங்கேயும் அளவுதான் பேசும். நம்ம வண்டிக்கும் அதே முறைதான். பிளாக்கில் விரிசல் இல்லாமல், சிலிண்டரை இன்னொரு தடவை கடைய இடம் இருந்தாலோ, ஸ்லீவ் போட முடிந்தாலோ, அந்த இன்ஜினைச் சீர்செய்வதே நல்லது. நம்ம வண்டியோடு வந்த இன்ஜின் அது. கியர் பாக்ஸும் புத்தகமும் அதற்குப் பொருந்தியவை. கழற்றிய பழைய சாமான்களைத் திரும்பக் கேட்டு வாங்கிப் பாருங்க. வேலை முடிந்தபின் முதல் ஆயிரம் கிலோமீட்டர் பாரம் ஏற்றாமல், விரட்டாமல் ஓட்டணும். 500 கிலோமீட்டரிலேயே ஆயிலை மாற்றிவிடுவது நல்லது.

பிளாக் வெடித்துவிட்டது, கிராங்க் முறிந்துவிட்டது என்றால்தான் மாற்று இன்ஜின். அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. எனவே பெரும்பாலும் வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய இன்ஜின்தான் கிடைக்கும். அதுவும் எவ்வளவு தேய்ந்ததோ! கீழே கிடக்கிற நிலையில் வாங்காதீங்க. ஓடவைத்து, கம்ப்ரஷன் பார்த்து, பில்லோடு வாங்குங்க. பில் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் பிறகு பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.

வேறு ரகத்து இன்ஜின் வைப்பது தனி விவகாரம். பெட்ரோல் அம்பாசிடரில் வேன் இன்ஜினை ஏற்றி ஓட்டின காலம் உண்டு. ஆனால் மவுண்டிங் புதிதாகச் செய்யணும், கியர் பாக்ஸ் பொருந்தணும், ரேடியேட்டர், வயரிங் மாறணும். கனமான இன்ஜினை முன் ஸ்பிரிங்கும் பிரேக்கும் தாங்கணும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

ஆர்.சி. புத்தகத்தை மறந்துவிடாதீங்க. அதில் இன்ஜின் எண், எரிபொருள் எல்லாம் பதிந்திருக்கு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, புத்தகத்திலுள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. எனவே வேலைக்கு முன்பே உங்கள் முகவரிக்குரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து அனுமதி பெறுங்க. டி.என். 48 எண் ஸ்ரீரங்கத்துக்கு உரியது. 45-உம் 81-உம் திருச்சிக்கு உரியவை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லணும். எண் ஒத்துவராமல் விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டுக்கு இடைஞ்சல் வரும். பதினைந்து வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போதும் இந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

கடைசியாக, வண்டியின் உடம்பு. டிக்கியில் உரமூட்டை ஏற்றி ஏற்றித் தகடு துருப்பிடித்திருக்கா? தரைத்தகடு, கதவடி, சேஸிஸ் பாகம் எல்லாம் கம்பியால் தட்டிப் பாருங்க. உடம்பு செல்லரித்திருந்தால் எந்த இன்ஜின் வைத்தும் பயனில்லை.

ஒரு காகிதத்தில் மூன்று தொகை எழுதுங்க: இன்ஜின் வேலைச் செலவு, மாற்று இன்ஜின் மொத்தச் செலவு, நல்லா ஓடுகிற அதே ரகக் கார் உங்கள் பக்கம் விலைபோகும் தொகை. முதல் இரண்டோடும் கொஞ்சம் கூட்டிக்கோங்க, பிரித்தபின் புது வேலை வரும். மூன்றாவது தொகையைத் தாண்டினால், ஆசையை விட்டுக் காரை விற்றுவிடுவதே புத்திசாலித்தனம். பயிர்க்கடன் பணத்தை மட்டும் இதில் போடாதீங்க. அடுத்த போகத்துக்கு விதையும் உரமும் வாங்க அது வேணும்.