சுளுக்குக்கு லேசரா? ஒரு நிமிஷம்!

மாலையில் கிரிக்கெட் ஆடப் போன பையன் நொண்டிக்கொண்டே வீடு திரும்புகிறான். கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, "இப்பல்லாம் லேசர் வெச்சே சரி பண்ணிடறாங்களாமே! பத்து தடவை போனா போதுமாம்" என்கிறார். உடனே பர்ஸை எடுத்துவிட்டீர்களா? பொறுங்கள்!

முதலில், லேசர் என்றதும் பயம் வேண்டாம். இது அறுவை சிகிச்சை லேசர் அல்ல. பேனா போன்ற கருவியைத் தோலின் மேல் வைப்பார் பிசியோதெரபிஸ்ட். பெரும்பாலும் சூடுகூடத் தெரியாது. "ஆன் பண்ணிட்டீங்களா?" என்று கேட்பவர்களும் உண்டு!

இதன் பூர்வீகம் வேடிக்கையானது. 1967-ல் ஹங்கேரி டாக்டர் எண்ட்ரே மெஸ்டர், லேசரால் புற்றுநோய் வருமா என்று பார்க்க, முடி மழித்த சுண்டெலிகள் மேல் அதைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை. முடிதான் சீக்கிரம் வளர்ந்தது! செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா இந்த ஒளியை வாங்கிக்கொண்டு சுறுசுறுப்பாகிறது என்பது விஞ்ஞானிகளின் விளக்கம். அளவு ரொம்ப முக்கியம். குறைந்தால் பலன் இல்லை. கூடினாலும் பலன் குறைந்துவிடும்.

சரி, வலி போகுமா? கழுத்து வலிக்குப் போகிறது. 16 ஆய்வுகளை அலசி 2009-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை அப்படித்தான் சொன்னது. 'டென்னிஸ் எல்போ' எனும் முழங்கை வலிக்கும் ஓரளவு பலன் உண்டு. ஆனால் நம்ம பையனின் கணுக்கால்? நெதர்லாந்தில் நடந்து 1998-ல் வெளியான ஆய்வில், சும்மா பேருக்கு லேசர் வைத்தவர்களைவிட நிஜ லேசர் வைத்தவர்கள் சீக்கிரம் குணமாகவில்லை. அதனால் சுளுக்குக்கு இதை மட்டும் நம்பிப் பணம் கட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

நாலு எட்டுகூட வைக்க முடியவில்லையா? கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? முதலில் டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். எலும்பு முறியவில்லை என்றால், துணியில் சுற்றிய ஐஸ், க்ரேப் பேண்டேஜ், காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பது போதும். வலி தணிந்ததும் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சிகள்தான் நிஜ மருந்து. ஒற்றைக் காலில் நின்று பழகுவதும் அதில் ஒன்று. மறுபடி சுளுக்காமல் காப்பது அதுதான். கூடவே லேசரும் வைக்கிறார்களா, வைக்கட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். புற்றுநோய் உள்ள இடத்திலும் கர்ப்பிணியின் வயிற்றிலும் கூடவே கூடாது.

எனக்குள்ள கவலை வேறு. வலி குறைந்ததுமே, "சரியாயிடுச்சும்மா!" என்று பையன் பேட்டைத் தூக்கிவிடுவான். உள்ளே கிழிந்த ஜவ்வு சேர வாரக்கணக்கில் ஆகும். அடிபட்ட காலில் வலியில்லாமல் குதிக்கவும், வளைந்து ஓடவும் முடிகிறதா என்று பாருங்கள். அதுவரை உட்கார்ந்து ஸ்கோர் எழுதட்டும்!